பாலாற்றங்கரையில் இரண்டு ‘கந்த’

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மாடிக்குப் போன மாதம் வாடகைக்கு வந்தவள் இலங்கை மாத்தளைப் பெண். அம்மாவின் சிகிச்சைக்காக வந்திருந்தாள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை என எங்கும், வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக வங்காள எழுத்துப் போர்டுகள். “தமிழ்நாட்டில் இதை நான் எதிர்பார்க்கலக்கா” என்றாள்.

ஒரு ஞாயிறு மாலை அவளை முத்துமண்டபம் அழைத்துப்போனேன். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அடங்கிய இடம். மதுரை நாயக்கர் வழி வந்தவர், இயற்பெயர் கண்ணுச்சாமி. 1815ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். மறு வருடம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832ல் இங்கேயே இறந்தார். சிங்கள நாட்டை ஆண்ட தென்னாட்டுக்காரர் எங்கள் பாலாற்றங்கரையில் கிடப்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

மண்டபத்துப் படியில் உட்கார்ந்து பேசினோம். ‘அம்மா’, ‘அக்கா’ இரண்டும் சிங்களத்திலும் அப்படியேதானாம். ஆனால் ‘அய்யா’ என்றால் அண்ணன், ‘தாத்தா’ என்றால் அப்பா! நம் தாத்தா அங்கே ‘சீயா’.

பிறகு மணலில் குச்சியால் எழுதிக் காட்டினாள். கந்த என்றால் மலை. கண்டி என்ற பெயரே அதிலிருந்து வந்தது. இன்னொரு கந்த உண்டு, மரத்தின் அடித்தண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். சிங்களத்தில் இரண்டாவதன் ‘ந்த’ மூக்கைத் தொட்டும் தொடாமலும் போகும் ஒலி; அதற்கென்று தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள். உருண்டை உருண்டையாக, கோலப்புள்ளியைச் சுற்றி வளைத்த மாதிரி இருந்தது. நாலைந்து தடவை எழுதிப் பார்த்தேன். கை பழகினாலும் நாக்கு பழகவில்லை.

எனக்குக் கொழும்பு அருங்காட்சியகம் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு கல்வெட்டின் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறேன். சீனத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டு தேதியிட்டுப் பொறித்துக் கொண்டுவந்தது: சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. 1911ல் காலி நகரில் வாய்க்கால் மூடுகல்லாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். அன்றைக்கே ஒரே கல்லில் மூன்று எழுத்து!

அதைச் சொன்னதும் அவள் சற்று நேரம் பேசவில்லை. 1956ல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் ஏறியது 1987ல், 13ஆவது திருத்தத்தில். ஆங்கிலம் இணைப்பு மொழி. பெயர்ப்பலகைகளில் மூன்றும் இருக்கின்றன. ஆனாலும் அவள் அப்பா இறந்த பிறகு ஒரு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்ததாம். எஸ்டேட்டில் வளர்ந்த அம்மாவுக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், படிக்க வராது. கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். கணவருடைய ஓய்வூதிய விஷயம், அதை ஊரார் முன்னால் கேட்பது எப்படி இருந்திருக்கும்?

வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் இரண்டு கந்தவையும் எழுதி அவள் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு விரலால் வளைவுகளைத் தடவினார்.

“இதுல மலை எது புள்ள?” என்று மகளைக் கேட்டார்.