டி.என்.பி. குடும்ப மருத்துவம் பிராக்டிகல்: மருந்தின் பேரோடு பதிலை முடிக்காதீர்கள்

எம்.பி.பி.எஸ்.-க்குப் பிறகு படிக்கும் டி.என்.பி. மேற்படிப்பின் ரிசல்ட் வந்துவிட்டது. மனசு லேசாக இருக்கும்போதே அடுத்த பேட்சுக்கு வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

தியரியில் 10 கேள்வி, 3 மணி நேரம். ஒன்றுக்கு 18 நிமிடம். பிடித்த கேள்விக்கு அரை மணி நேரம் கொடுத்தால் பத்தாவது கேள்வி வெறும் தாளாக நிற்கும். கடைசி மாதம் கடிகாரத்தை எதிரில் வைத்து எழுதிப் பழகுங்கள். தியரிக்கு இது போதும்.

பிராக்டிகலில் ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கேஸானாலும் உங்கள் பதில் "அடுத்து எப்போது, எதைப் பார்ப்பேன்" என்பதில் முடிய வேண்டும். மருந்தைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்கிறோம். எக்ஸாமினர் அதற்குப் பிறகு வருவதைத்தான் கேட்கக் காத்திருக்கிறார்.

சர்க்கரை குறைந்து மயங்கிய பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியேட்டினின் கூடியிருக்கிறது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி, அதாவது 25 கிராம், நரம்பு வழியாக. இது எல்லோருக்கும் தெரியும். 15 நிமிடத்தில் மறுபடி குளுக்கோமீட்டர் என்று சொல்பவர் குறைவு. பாட்டி எழுந்து உட்கார்ந்து காபி கேட்டதும் வீட்டுக்கு அனுப்பினால் ராத்திரியே திரும்ப மயங்குவார். சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் அந்த மாத்திரை நெடுநேரம் நிற்கும். 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப், மணிக்கொரு சர்க்கரைப் பரிசோதனை, குறைந்தது 24 மணி நேரம் அட்மிஷன். டிஸ்சார்ஜில் அந்த மாத்திரையை நிறுத்துவதையும் சொல்லுங்கள்.

அனஃபிலாக்சிஸில், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜியில், நம் ஊர் கேஷுவாலிட்டிப் பழக்கம் காலை வாரும். கை தானாக அவில் என்ற அலர்ஜி ஊசி, ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு பக்கம் போகும். முதலில் அட்ரினலின்: 1 மில்லி ஆம்பியூலில் பாதி, 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். தோலுக்கடியில் போட்டால் மெதுவாகத்தான் ஏறும். 5 நிமிடத்தில் பி.பி., மூச்சு பாருங்கள்; சரியாகவில்லை என்றால் அதே அளவு மீண்டும். தெளிந்த பிறகும் 6 மணி நேரம் கண்காணிப்பு.

பாம்புக்கடி வராத தேர்வு அபூர்வம். இங்கே தவறுவது சின்னச் சின்ன விஷயங்களில்தான். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்குப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய், 2 மில்லி ரத்தம், ஆட்டாமல் வைக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக்கிலும் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். ஏ.எஸ்.வி., அதாவது விஷமுறிவு மருந்து, 10 வயல் (குப்பி), ஒரு மணி நேரத்தில். கலக்கும்போது குலுக்காமல் சுழற்ற வேண்டும். டெஸ்ட் டோஸ் கிடையாது, பக்கத்தில் அட்ரினலின் ஏற்றிய சிரிஞ்சு இருக்க வேண்டும். குழந்தைக்கும் அதே 10 வயல்தான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடியில் அடுத்த உறைவுச் சோதனை 6 மணி நேரம் கழித்து. ஏன் 6 என்றால், விஷம் முறிந்த பிறகு ஈரல் உறைபொருட்களைத் திரும்பச் செய்ய அவ்வளவு நேரம் ஆகிறது. அரை மணியில் பார்த்துவிட்டு இன்னும் 10 வயல் ஏற்றுவது வீண்.

பூச்சிமருந்து குடித்த கேஸ், சுருக்கமாக:
- அட்ரோபின் 0.6 மி.கி. ஆம்பியூல் மூன்று, உடனே.
- 5 நிமிடத்தில் நெஞ்சைக் கேட்டு, அக்குளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சளிச் சத்தமும் வியர்வையும் குறையவில்லையா, 6 ஆம்பியூல். அப்புறம் 12.
- இலக்கு: நெஞ்சு தெளிவு, அக்குள் உலர்வு, நாடி 80-க்கு மேல், மேல் பி.பி. 80-க்கு மேல்.
- கண்பாவை முழுக்க விரியும்வரை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். உளறல், காய்ச்சல், குடல் சத்தம் நின்றுபோதல் வந்தால் அட்ரோபின் மிஞ்சிவிட்டது.

நெஞ்சுவலிக்கு வருவோம். சென்னையில் பேஷண்ட் "கேஸ் பிடிச்சிருக்கு டாக்டர்" என்பார். 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. முதல் ஈ.சி.ஜி. சாதாரணமாக இருந்தும் வலி நிற்கவில்லையா, 15 நிமிடத்தில் இன்னொன்று. இதயத்தின் கீழ்ச்சுவர் அட்டாக் என்றால் ஈ.சி.ஜி.யில் வலப்பக்க வி4 லீடைப் பார்க்காமல் நாக்கடியில் நைட்ரேட் வைக்காதீர்கள், வலது கீழறையும் அடிபட்டிருந்தால் பி.பி. விழுந்துவிடும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட் என்பதோடு நிறுத்தாமல், 90 நிமிடத்தில் ஈ.சி.ஜி.யில் ஏறியிருந்த எஸ்.டி. பகுதி பாதியாவது இறங்கியதா என்று பார்ப்பதையும், இறங்கவில்லை என்றால் கேத் லேப் உள்ள இடத்துக்கு உடனே அனுப்புவதையும் சொல்லுங்கள்.

ஹிஸ்டரியில் "மயக்கம்" என்ற சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். "சுத்துதாம்மா, கண்ணை இருட்டிக்கிட்டு வருதா, நினைவே போயிடுச்சா?" என்று பிரித்துக் கேளுங்கள். மூன்றும் வேறு வேறு வழி.

கம்யூனிட்டி கேஸிலும் இதே விதிதான், நிமிடத்துக்குப் பதில் வாரம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது; எனாலப்ரில் என்ற பி.பி. மாத்திரை தொடங்கினால் இரண்டு வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் யார் பார்ப்பது என்பது உங்கள் பதிலில் இருக்க வேண்டும்.

டெங்குக் குழந்தையின் அம்மாவிடம் பேசும் ஸ்டேஷனை, பிராக்டிகலின் அந்தக் கட்டத்தை, நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். பலர் "காய்ச்சல் கூடினால் வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆபத்து காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "காய்ச்சல் விட்டாச்சேன்னு இருந்துடாதீங்கம்மா. அடுத்த ரெண்டு நாள்தான் கவனமா பார்க்கணும். வயிறு வலிக்குதுன்னு அழுதா, வாந்தி நிக்கலைன்னா, சோர்ந்து படுத்தா, ஈறுல ரத்தம் வந்தா, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலைன்னா, ராத்திரின்னு பார்க்காம கூட்டிட்டு வாங்க. பாராசிட்டமால் தவிர வேற காய்ச்சல் மருந்து வேண்டாம்." பிறகு அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

பையில்: 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க் அதிர்வு உணர்வுக்கு, 512 காதுக்கு, 10 கிராம் மோனோஃபிலமெண்ட் இழை பாதத்தின் தொடு உணர்வுக்கு, டார்ச், இன்ச் டேப், ஹேமர். லாக்புக்கில் கைடு கையெழுத்து விடுபட்ட பக்கங்களை முதல் வாரமே பார்த்துவிடுங்கள்.