பென் நெவிஸுக்கு இரண்டு முறை

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலைப்பாதையில் ரெட் பர்ன் என்று ஓர் ஓடை உண்டு. ஏற்றத்தில் ஏறக்குறைய பாதி அங்கே முடிகிறது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை, அந்த ஓடையைத் தாண்ட நானும் என் சித்தி மகனும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் முப்பது பேராவது இருப்பார்கள். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் மூன்றின் உயரமான சிகரங்களையும் 24 மணி நேரத்தில் தொட்டுவிடும் சவாலுக்கு வந்தவர்கள், நன்கொடை திரட்ட ஒரே நிறச் சட்டையில் வந்த குழுக்கள், அப்பாவின் முதுகில் தூங்கும் குழந்தை. எல்லாரும் ஆசைப்பட்டு வந்தவர்கள்தான், யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கூட்டத்தோடு போகும்போது ஒன்று நடக்கிறது. இத்தனை பேர் போகிற வழியில் என்ன ஆகிவிடும் என்று மனசு சொல்ல ஆரம்பித்துவிடுகிறது.

1,345 மீட்டர் என்பது பெரிய உயரமாகத் தெரியாமல் போகலாம். பிரிட்டனிலேயே உயரமான மலை இதுதான். க்ளென் நெவிஸ் பள்ளத்தாக்கில் பாதை தொடங்கும் இடம் கிட்டத்தட்ட கடல் மட்டத்திலேயே இருப்பதால், அந்த உயரம் அத்தனையையும் காலால்தான் ஏற வேண்டும். போய்வர 17 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். கீழே வெயில் அடித்தாலும் உச்சியில் எட்டு ஒன்பது டிகிரி குறைவாக இருக்கும், காற்றின் குளிர் தனி.

அன்றைக்கு ஆயிரம் மீட்டர் தாண்டியதும் மேகத்துக்குள் நுழைந்தோம். மழை பக்கவாட்டில் அடித்தது. தம்பி ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கப் பார்த்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவே மறுத்தன. கடைசியில் பல்லால் கடித்துக் கிழித்தான். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். பிஸ்கட் பாக்கெட்டையே பிரிக்க முடியாத கையால் திசைகாட்டியை எப்படிப் பிடிப்பது?

“இன்னும் முந்நூறு மீட்டர்தான்க்கா. எல்லாரும் போறாங்களே.”

“அவங்க போறாங்கன்னுதான்டா நாமளும் போய்ட்டிருக்கோம். திரும்பிடலாம்.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் திரும்பினான். இன்று வரை அந்த முடிவில் எனக்கு வருத்தமே இல்லை. இந்த மலையின் ஆபத்து உச்சியில்தான் இருக்கிறது. அது அகலமான, கல் நிறைந்த சமவெளி. வடக்கே செங்குத்தான பாறைச் சரிவு, அதன் விளிம்புக்கு மிக அருகிலேயே பாதை போகிறது. மேகம் மூடினால் இறங்கும் வழிக்கு ஒரு கணக்கு உண்டு: உச்சிக் கம்பத்திலிருந்து, வரைபடத்தின் வடக்கை வைத்துக் கணக்கிட்டு, 231 டிகிரி திசையில் 150 மீட்டர், அப்புறம் 282 டிகிரி. முதல் திசை கார்டிலூ கல்லி என்ற பிளவைத் தவிர்க்க, அடுத்தது மறுபக்கம் இருக்கும் ஃபைவ் ஃபிங்கர் கல்லியைத் தவிர்க்க. முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்து நடக்கிற இடம் இல்லை அது.

அந்த கார்டிலூ பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. 1883 முதல் 1904 வரை உச்சியில் ஒரு வானிலை நிலையம் இயங்கியது. ஊழியர்கள் பனிக்காலத்திலும் அங்கேயே தங்கி, இரவு பகலாக மணிக்கு ஒரு முறை அளவெடுத்தார்கள். அவர்கள் குப்பை கொட்டிய பிளவுதான் கார்டிலூ. பழைய எடின்பரோவில் ஜன்னல் வழியாகக் கழிவுநீரைக் கொட்டும்போது கீழே போகிறவர்களை எச்சரிக்கக் கத்திய வார்த்தை அது. நிலையம் வருவதற்கு முன், 1881 கோடையில் க்ளெமென்ட் ராக் என்பவர் அளவெடுப்பதற்காகவே தினமும் இந்த மலையை ஏறி இறங்கினார். நாம் இன்று நடக்கும் பாதையே அந்த நிலையத்துக்காகப் போட்டதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மலை வானிலை அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஊர் வானிலை இங்கே உதவாது. மலைக்கென்று தனியாக வரும் அறிக்கையில் காற்றின் வேகத்தோடு, அது நடப்பவரை என்ன செய்யும் என்றும் எழுதியிருப்பார்கள். மன்ரோக்கள், அதாவது 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகள், மேகமில்லாமல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்றும் இருக்கும். நான் முதலில் பார்ப்பது காற்றைத்தான். மழையில் நடந்துவிடலாம், நிற்க விடாத காற்றில் முடியாது. காற்றே இல்லாவிட்டாலும் கீழே தொல்லைதான், மிட்ஜ் என்ற பொடிக் கொசுக்கள் மொய்த்துவிடும். லேசான காற்று, வார நாள், விடியற்காலை. இது மூன்றும் சேருவதற்காக இரண்டு மாதம் காத்திருந்தோம்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஆறு மணிக்கு முன்பே, நெற்றி விளக்கோடு கிளம்பினோம். ரெட் பர்னில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் மேகத்துக்குள் போனோம், ஒரு கட்டத்தில் தலைக்கு மேல் வெளுத்தது, அப்புறம் வெளியே வந்தேவிட்டோம். கீழே முழுக்க வெள்ளை, அங்கங்கே மலை முகடுகள் மட்டும் தலைநீட்டின.

பத்து மணி வாக்கில், நிலையத்தின் இடிந்த சுவரைத் தாண்டி, விளிம்பிலிருந்து தள்ளியே நின்றோம். வெயில் முதுகில் விழுந்தது. எதிரே கீழே மேகத்தின் மேல் எங்கள் நிழல்கள், என் நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையங்கள், ஓரத்தில் சிவப்பு.

“உன் தலையைச் சுத்தி ஒண்ணும் காணோமேடா.”

“இல்லக்கா, என் தலையைச் சுத்திதான் இருக்கு. உனக்குத்தான் இல்ல.”

இரண்டும் உண்மை. அவரவர் தலையைச் சுற்றிய வளையம் அவரவருக்கு மட்டுமே தெரியும். 1894 செப்டம்பரில் இந்த நிலையத்தில் தங்கியிருந்த இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் இந்த வளையங்களைப் பார்த்துத்தான் சோதனைச்சாலையில் மேகம் உண்டாக்கத் தொடங்கினார். அதிலிருந்து வந்ததுதான், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் போன தடத்தைக் காட்டும் மேக அறை. 1927இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். தம்பி கையை ஆட்டினான், நிழல் கையை ஆட்டியது. பத்து நிமிஷம் அப்படியே நின்றோம்.

இறங்கும்போது ரெட் பர்னில் ஒரு குழு ஏறி வந்தது. மேலே எப்படி இருக்கிறது என்று ஒரு பெண் கேட்டார். சொல்லிவிட்டு, கையுறை இருக்கிறதா என்று கேட்டேன். பையைத் தட்டிக் காட்டினார்.