இரண்டாம் நாளுக்கு ஒரு இ-பாஸ்

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. குழந்தைக்காகச் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை (ஐ.வி.எஃப்.) எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்கால ஊசி போட வருவாரா என்று கம்பவுண்டரிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. "இன்னைலிருந்து ஊசி போட்டுக்க வேண்டாமுங்க மேடம். நிலைமை சரியானதும் நாங்களே கூப்பிடறோம்." முந்தின நாள் ஸ்கேனில்தான் ஏழு கருமுட்டை வளர்ந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஏழும் என்னாகும் என்று கேட்டேன். "அதுவே அடங்கிருமுங்க" என்றாள் அந்தப் பெண், பொங்கி வரும் பாலைச் சொல்வது போல.

அன்று மாலை ஆறு மணிக்கு மாநிலத்தில் 144, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. சரி, உலகமே நின்றுவிட்டது, என் ஒருத்திக்காக யார் என்ன செய்ய முடியும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பிற்பாடு ஒரு நாள் படித்தேன்: புதிதாக யாருக்கும் சிகிச்சைச் சுற்றைத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் மார்ச் 17ஆம் தேதியே சொல்லியிருந்திருக்கிறது. எனக்கு முதல் ஊசி போட்டது 19ஆம் தேதி. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐந்து நாள் ஊசிக்கு மட்டும் 32,000 ரூபாய். மீதி நான்கு பெட்டிகள் ஃபிரிட்ஜில், கதவுத் தட்டில், கொத்தமல்லிக்கும் இட்லி மாவுக்கும் பக்கத்தில். குளிரில் வைக்கிற மருந்தைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று மருந்துக்கடையில் கையை விரித்துவிட்டார்கள். (வாங்கும்போதே மூன்று நாளைக்கு மேல் சேர்த்து வாங்காதீர்கள். பில்லில் பேட்ச் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.) கரண்ட் போனால் எல்லார் வீட்டிலும் மின்விசிறியைப் பார்ப்பார்கள். நான் ஐஸ் கட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன், இனி அந்த ஊசியைப் போடப்போவதில்லை என்று தெரிந்தும்.

முதல் ஒரு மாதம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, ஒரம்பரை (விருந்தாளிகள்) வருவதில்லை. "விசேசம் ஏதாச்சும் உண்டா கண்ணு?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்க யாருமில்லை. ஒன்பது வருஷத்தில் அப்படியொரு பங்குனி சித்திரை எனக்கு வாய்த்ததில்லை.

அப்புறம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் நகைச்சுவை ஆரம்பித்தது. எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள், டிசம்பரில் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காது பாருங்கள் என்று. சித்தப்பா முறை ஒருவர் அனுப்பியதற்கு என் வீட்டுக்காரரும் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். அதற்காக அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர், தேங்காய்க் களத்தில் ஆள் இல்லை, தேங்காய்ப் பருப்பு காய்கிறது என்று கட்டிலைத் தூக்கிக்கொண்டு அங்கேயே படுக்கப் போய்விட்டார். ஆள் இல்லை என்பது நிஜம். ஆனால் மே மாதம் முழுக்கப் பருப்பா காய்ந்தது?

ஜூன் 1ஆம் தேதி கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம், நாமக்கல் எல்லாம் ஒரே மண்டலம், உள்ளே போய்வர பாஸ் வேண்டாம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலும் மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். மாதவிலக்கான இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஸ்கேனுக்கு வர வேண்டும், இந்த வழியில் போனவர்களுக்கு அது தெரியும். கணக்குப்படி ஜூன் 20 வர வேண்டியது, வரவில்லை. 21, 22. நான் யாரிடமும் சொல்லவில்லை. 24ஆம் தேதி விடிகாலை பரிசோதனை அட்டையில் பார்த்தேன், ஒற்றைக்கோடு. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து, இரண்டாவது கோடு லேசாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தை வாசலில் சாணி தெளிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையின் அடியில் வைத்தேன்.

மறுநாள் 25ஆம் தேதியிலிருந்து மண்டலத்துக்குள்ளும் மாவட்டம் தாண்ட இ-பாஸ் கட்டாயம் என்று அறிவிப்பு. 27ஆம் தேதி சனிக்கிழமை எனக்கு வந்தது. சரியான நாளில் வந்திருந்தால் ஒரு காகிதமும் தேவைப்பட்டிருக்காது. காங்கயம் திருப்பூர் மாவட்டம், ஆஸ்பத்திரி கோவை மாவட்டம். நடுவே அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டரும் ஒரு தடுப்புக் கம்பும்.

இ-பாஸ் விண்ணப்பத்தில் திருமணம், நெருங்கிய உறவினர் இறப்பு, மருத்துவ அவசரம் என்று காரணம் கேட்டார்கள். மூன்றாவதைத் தொட்டு, ஆதார், வண்டி எண், பழைய மருந்துச் சீட்டு எல்லாம் ஏற்றினோம். ஞாயிற்றுக்கிழமை காலை நிராகரிப்பு. மருந்துச் சீட்டில் தேதி ஜனவரி என்றிருந்ததுதான் காரணமாக இருக்கும் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து புதுக் கடிதம் வாட்ஸ்அப்பில் வாங்கினோம். அதில் முத்திரை இல்லை. மறுபடி நிராகரிப்பு. கல்யாணத் தேதியைப் பத்திரிகையில் அச்சடிக்கலாம். இதற்கு எந்தப் பத்திரிகையை அடிப்பது?

திங்கட்கிழமை மூன்றாம் நாள். வருவது வரட்டும் என்று பாஸ் இல்லாமலே கிளம்பிவிட்டோம். பல்லடம் தாண்டி மாவட்ட எல்லையில் நிறுத்தினார்கள். வயசான ஏட்டு. கடிதத்தை வாங்கி, முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கி, நிதானமாகப் படித்தார்.

"கொழந்தைக்குங்களா?"

"ஆமாங்க சார்" என்றார் இவர்.

"நோய் நொடின்னா விட்டறலாமுங்க. இது அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்களே."

பின்னால் தக்காளி வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். ஏட்டு திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார், தன் மருமகளிடம் சொல்வது போல. எனக்கு முப்பத்தைந்து ஆகப் போகிறது, அடுத்த மாசம் அடுத்த மாசம் என்றுதான் ஒன்பது வருஷம் போயிருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வண்டியைத் திருப்பினோம். காங்கயம் வரும்வரை இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "நான் இறங்கிக் கால்ல விழுந்திருக்கணும்" என்றார். அந்தச் சிரிப்புப் பொம்மைக் கோபம் எனக்கு அங்கேதான் போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எந்தச் சிகிச்சைக்குக் கடிதம் வாங்கினாலும் "சிகிச்சைக்காக வர வேண்டும்" என்று பொதுவாக எழுதி வாங்காதீர்கள். ஜூலையில் டாக்டரிடமே போனில் பேசி நான் கேட்டு வாங்கிய வாசகம் இது: "இது காலக்கெடு உள்ள சிகிச்சை. குறிப்பிட்ட நாளில் வராவிட்டால் இந்த மாதச் சிகிச்சை முழுதும் வீணாகும்." பதிவு எண், கையெழுத்து, முத்திரை மூன்றும் இருந்தன. 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை விண்ணப்பித்தோம், மூன்று மணி நேரத்தில் பாஸ் வந்துவிட்டது. அதே அரசாங்கம், அதே வயிறு.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பாஸ் எடுத்து அலைய முடியாது என்று கோவையிலேயே தங்கிவிட்டோம். சிங்காநல்லூரில் சொந்தத்தில் நங்கையா வீடு இருக்கிறது, ஆனால் அங்கே எண்பது வயசு அப்பாரு (தாத்தா) இருந்தார். அவர்கள் தயங்கினார்கள், நாங்களும் வற்புறுத்தவில்லை. மாடிப் போர்ஷன் ஒன்றைப் பதினைந்து நாளுக்கு எடுத்தோம். ஸ்கேன் அறைக்குள் துணைக்கு ஆள் விடவில்லை. இவர் எதிரே வேப்ப மரத்தடியில் நிற்பார், நான் உள்ளே தனியாக. டாக்டருக்குத் தலையிலிருந்து கால்வரை கவச உடை. முன்பெல்லாம் அவர் உதட்டைப் பார்த்தே நல்ல செய்தியா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவேன். இப்போது கண்ணாடிக்குப் பின்னால் கண் மட்டும், அதுவும் ஆவி படிந்து.

அந்த ஜூலை, ஆகஸ்ட் ஞாயிறெல்லாம் முழு ஊரடங்கு. நர்ஸ் வர முடியாது என்றதும் நானே வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டு தொப்புளுக்குக் கீழே சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசியைப் போட்டுக்கொண்டேன். முதல் தடவை கை நடுங்கியது. இரண்டாவது ஞாயிறு, அடுப்பில் ரசம் கொதிக்க, சர்வ சாதாரணமாக. பயந்துகொண்டிருப்பவர்கள் பயப்பட வேண்டாம், காது குத்துவதை விடச் சுலபம்.

நான்கு முட்டைதான் கிடைத்தன. அதில் இரண்டு கரு. இரண்டையும் உறைய வைத்தார்கள். மார்ச்சில் ஏழு, ஆகஸ்டில் நான்கு. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவும் ஜனவரியில் 1.4 இருந்தது 1.1 ஆகியிருந்தது. நான்கு மாதத்தால்தானா என்று கேட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணிக்கை மாறும், ரத்தப் பரிசோதனையும் கொஞ்சம் ஏறி இறங்கும், அப்படிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நியாயமான பதில்தான். அதை வைத்து ஒரு ராத்திரியைக்கூடத் தள்ள முடியவில்லை.

அக்டோபரில் முதல் கரு வைத்தார்கள், நிற்கவில்லை. இரண்டாவதை 2021 மே மாதத்துக்குக் குறித்திருந்தோம். மே 10ஆம் தேதி மறுபடி ஊரடங்கு. அந்த மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. இவருக்கும் வந்து, பதினேழு நாள் களத்து அறையில் தனியாகக் கிடந்தார். கரு உறைந்திருக்கிறது, அதற்கு வயசாகாது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஆகுமே. செப்டம்பரில் வைத்தார்கள், தங்கியது. ஏழாம் மாதம் கட்டுச்சோறு விருந்துக்கு ஐம்பது பேர்தான். அத்தை சிவன்மலைக்கு வேண்டிக்கொண்டது தனிக் கதை. மகள் இப்போது நான் எழுத எழுதப் பக்கத்தில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று பாக்கி. கரு வைப்பதற்கு முன்னால் உறைநிலைச் சேமிப்புக்கு இரண்டாம் வருஷக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். நீங்கள் மூடி வைத்திருந்த மாதத்துக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று பில்லிங் கவுன்டரில் நின்றேன். ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்றான் பையன். ஒப்பந்தத்தைக் காட்டு என்றேன். அவனிடம் இல்லை, என் பையில் இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மேனேஜர் வந்து மூன்று மாதக் கட்டணத்தைக் கழித்தார். கணினி ஒத்துக்கொள்ளவில்லை என்று பையன் பேனாவால் அடித்து எழுதிக் கொடுத்தான். அந்த பில்லை இன்னும் வைத்திருக்கிறேன்.

கணினி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் "தாங்கள் சேமித்துள்ள கருக்களுக்கான ஆண்டுக் கட்டணம்" என்று குறுஞ்செய்தி வருகிறது. இரண்டு தடவை போன் செய்து, அங்கே எங்களுடையது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்த வருஷமும் வந்தது. இன்னும் போன் செய்யவில்லை.