இரவு மலைக்கு ஹெட்லேம்ப்: லுமெனை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டியவை

வெள்ளியங்கிரிக்கு இரவில் ஏறுகிறவர்கள் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடியை நீளம் பார்த்து, கணு பார்த்து, தரையில் ஊன்றிப் பார்த்து வாங்குவார்கள். வெளிச்சத்துக்கு மட்டும் பையில் கிடக்கும் செல்போன். ஏழு மலை, ஒரு வழிக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், ஏறவே நாலைந்து மணி நேரம். ஒரு கை தடிக்கு, இன்னொரு கை பாறையைப் பிடிக்க. போனைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. நெற்றியில் பட்டையால் கட்டிக்கொள்ளும் ஹெட்லேம்ப் அதற்குத்தான். ஊர்ப்பக்கம் இதையும் ஹெட்லைட் என்றே சொல்வார்கள்.

வாங்கப் போனால் அட்டைப்பெட்டியில் முதலில் கண்ணில் படுவது லுமென் எண், அதாவது விளக்கு தரும் மொத்த வெளிச்சம். முந்நூறு ரூபாய்ச் சரக்கிலும் 10,000 லுமென் என்று அடித்திருக்கும். இதை நம்பலாமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். 18650 என்ற பேட்டரி ஒன்று, கொள்ளளவு 3000 எம்ஏஎச், 3.6 வோல்ட் என்றால் அதில் இருக்கும் மின்சக்தி சுமார் 10.8 வாட்-மணி. எல்இடி, சர்க்யூட், லென்ஸ் எல்லாவற்றிலும் போகிற இழப்பு போக, ஒரு வாட்டுக்கு நூறு லுமென் கிடைத்தால் நல்ல விளக்கு. ஆக 100 லுமெனில் பத்து மணி நேரம், 300 லுமெனில் மூன்றரை மணி நேரம், 1000 லுமெனில் ஒரு மணி நேரம். அதுவும் சூடு தாங்கினால்தான். நெற்றியில் உட்கார்ந்திருக்கும் சின்ன அலுமினிய உடம்பு பத்து வாட் சூட்டைக் கடத்தாது. இரண்டு மூன்று நிமிடத்தில் விளக்கு தானாகவே பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ரிமோட்டில் போடும் சின்ன ஏஏஏ அல்கலைன் செல் மூன்று போடுகிற விளக்கில் மொத்தமே மூன்றரை, நாலு வாட்-மணி. அது 100 லுமெனில் மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தாலே பெரிது.

அப்படியானால் நல்ல கம்பெனி விளக்கிலேயே '300 லுமென், 60 மணி நேரம்' என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறதே? அந்த இரண்டு எண்ணும் பெரும்பாலும் இரண்டு வேறு மோடுக்கு உரியவை. 300 என்பது உச்சம், 60 என்பது மிகக் குறைந்த வெளிச்சம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவீட்டு முறைப்படி, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்து சதவீதமாகக் குறையும் வரை ஓடும் நேரம்தான் 'ரன்டைம்'. 300இல் தொடங்கி ஒரு மணி நேரத்தில் 40க்கு வந்து, மிச்ச நேரமெல்லாம் அப்படியே இழுத்துக்கொண்டு கிடந்தாலும் கணக்கு சரிதான். அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நூறு லுமெனை எத்தனை மணி நேரம் விடாமல் தரும்? பெட்டியிலோ கையேட்டிலோ மோடு வாரியாக அட்டவணை இருந்தால் பதில் அங்கே இருக்கும். அட்டவணையே இல்லாத விளக்கை வைத்துவிட்டு வாருங்கள்.

நடக்க எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? பழகிய பாதையில் 30 முதல் 60 லுமென். கல்லும் வேருமாக இறங்கும் இடத்தில் 100, 150. வழி பிரியும் இடத்தில் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க 300, அதுவும் சில நொடிகள் மட்டும். கூடாரத்துக்குள் ஐந்தே அதிகம்.

லுமெனைவிட முக்கியம் அந்த வெளிச்சம் விழும் விதம். மொத்த வெளிச்சம் லுமென், ஒரு திசையில் அது எவ்வளவு குவிகிறது என்பது கேண்டெலா. வீச்சுத் தூரம் என்று பெட்டியில் போடுவது, ஒரு பரப்பில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸாக, அதாவது நல்ல நிலவு அளவுக்குக் குறையும் தூரம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் அது வந்துவிடும். 2,500 கேண்டெலா என்றால் 100 மீட்டர், 10,000 என்றால் 200. வீச்சை இரட்டிப்பாக்க நாலு மடங்கு கேண்டெலா தேவை. குவிந்த கதிர் மட்டும் உள்ள விளக்கோடு நடந்தால் குழாய் வழியாகப் பார்ப்பது போல் இருக்கும், கால் பக்கம் இருட்டு. அகலமாக விரிகிற கதிர் மட்டும் என்றால் பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மலைக்கு இரண்டும் கலந்தது, அல்லது இரண்டு தனி எல்இடி உள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்குக் கையெட்டும் தூரம் சீராகத் தெரிந்தால் போதும். அவர்களுக்கு வீச்சு வீண் செலவு.

இனி பேட்டரி. காசு இங்கேதான் வீணாகிறது. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழி உருளை வடிவம் என்பதற்கு. இந்த அளவில் அசல் செல்கள் பெரும்பாலும் 3,500 எம்ஏஎச்சை ஒட்டி நின்றுவிடும், மிஞ்சிப்போனால் 4,000. 9,900 என்று அச்சடித்தது போலி, சந்தேகமே வேண்டாம். தராசில் வைத்துப் பாருங்கள்: அசல் பெரும்பாலும் 45 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், போலி பல நேரம் அதைவிட நன்றாகக் குறையும். பாதுகாப்பு சர்க்யூட் வைத்த செல் 68, 70 மில்லிமீட்டர் வரை நீளும். சில விளக்கில் அது நுழையாது. சிலவற்றில் தலை தட்டையான செல் முனையைத் தொடாமல் விளக்கு எரியவே எரியாது. பழுது என்று திருப்பி அனுப்புமுன் இதைப் பாருங்கள்.

டைப்-சி போர்ட் இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்பது இன்னொரு வழக்கமான புகார். மலிவு விளக்குகளில் அந்தப் போர்ட்டுக்கு வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை விட்டுவிடுகிறார்கள். இரண்டு முனையும் சி ஆன கேபிளில் சார்ஜர் கரண்டே கொடுக்காது. ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக உள்ள கேபிளைப் போட்டால் ஏறும். அந்தக் கேபிளையே பையில் வையுங்கள்.

அல்கலைன் செல்லை விளக்குக்குள்ளேயே விட்டு மாசக்கணக்கில் அலமாரியில் போட்டால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். ஏஏஏ விளக்கு வைத்திருந்தால் ரீசார்ஜ் ஆகும் நிக்கல் செல்களுக்கு மாறுவது லாபம், கசிவும் அரிது. பெட்சல் போன்ற சில கம்பெனிகள் சார்ஜ் செய்யும் பேக், மூன்று ஏஏஏ இரண்டையும் ஏற்கும் விளக்கு தருகின்றன. கரண்ட் இல்லாத இடத்தில் இரண்டு நாள் தங்குவதென்றால் அந்த வசதிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். வயலுக்கு எடுத்துப்போகும் பழைய 4 வோல்ட் லெட்-ஆசிட் ஹெட்லைட் வேறு சாதி. அதைக் காலியாகவே விட்டுவைத்தால் பிளேட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும், மாசம் ஒரு முறை சார்ஜ் போட வேண்டும். லித்தியம் அதற்கு நேர்மாறு, பாதிக்குச் சற்று மேல் சார்ஜில் எடுத்து வைத்தால் நாள்படும்.

'வேட்டைக்கு' என்று விற்கும் சிவப்பு, பச்சை லைட்டுகளைப் பற்றி. இவை வெளிநாட்டில் காட்டுப்பன்றி, மான் வேட்டைக்காகச் செய்தவை. மானுக்கு நீண்ட அலைநீளச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதே அதன் அடிப்படை. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். நீண்ட வீச்சு லைட்டை அடித்துக்கொண்டு காட்டோரம் திரிந்தால் வனத்துறை நிறுத்தி விசாரிப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் சிவப்பால் நமக்கு வேறு பயன் உண்டு. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை லைட்டை ஒரு முறை பார்த்தால் அது கலைந்துவிடும். மங்கலான சிவப்பில் கலையாது, 'மங்கலான' என்பதுதான் முக்கியம். பூச்சியும் குறைவாக மொய்க்கும். குறையும் உண்டு: சிவப்பில் ரத்தம் தெரியாது, வரைபடத்தில் சிவப்புக் கோடு மறைந்துவிடும், தரையில் கிடக்கும் விரியனின் பட்டை சருகோடு கலந்துவிடும். நடக்கும்போது வெள்ளைதான்.

கண் மின்னுவதை வைத்து விலங்கைக் கண்டுபிடிக்கலாம் என்று முழுசாக நம்ப வேண்டாம். மான், மாடு, பூனை இனங்களுக்கு விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. பன்றிக்கு இல்லை, பாம்புக்கும் இல்லை. காலடிக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால் வெளிச்சம் விழும்படி சாய்த்து, தரையைப் பார்த்து நடப்பதுதான் பாதுகாப்பு. சாய்க்கும் கீல் ஒவ்வொரு படியிலும் 'டக்' என்று நிற்க வேண்டும். தொளதொளத்தால் நூறு அடியில் தானே தலை கவிழும்.

மேல் மலைகளில் பனிமூட்டம் இறங்கினால் ஹெட்லேம்ப் எதிரியாகிவிடும். கண்ணுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருப்பதால் துளிகளில் பட்ட வெளிச்சம் நேராகக் கண்ணுக்குத் திரும்பி, வெள்ளைச் சுவர் போல் நிற்கும். பலரும் அப்போது வெளிச்சத்தைக் கூட்டுவார்கள், சுவர் இன்னும் கெட்டியாகும். குறைத்து, தலையிலிருந்து கழற்றி இடுப்புயரத்தில் பிடியுங்கள். பாதையும் தெரியும், கற்களின் நிழலும் தெரியும். நெற்றியில் இருக்கும்போது நிழல் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் படியின் ஆழம் தெரியாது. இறங்கும்போது கால் பிசகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர்: பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று போடுவது தண்ணீர் தாங்கும் தரம். ஐபிஎக்ஸ்4 தூறல், தெறிப்புக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி தாங்கும். ஆனால் போர்ட்டின் ரப்பர் மூடி சரியாக அமுங்கியிருந்தால்தான் எந்த எண்ணுக்கும் அர்த்தம். எடை 150 கிராமைத் தாண்டினால் உச்சந்தலைப் பட்டையும் பின்பக்க பேட்டரியும் வேண்டும், இல்லாவிட்டால் மூக்குக்கு வழுக்கும்.

வாங்குமுன் கடையிலேயே நாலு காரியம் பாருங்கள். நடு மோடில் வைத்து போன் கேமராவில் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் மலிவான மங்கலாக்கும் சர்க்யூட், மணிக்கணக்கில் பார்த்தால் சிலருக்குத் தலை வலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்துங்கள், விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். சிவப்புக்குப் போக வெள்ளையைத் தாண்ட வேண்டியிருந்தால் சிவப்பு இருந்தும் வீண். சாதாரண மோடுகளுக்கு நடுவே பளிச் பளிச்சென்று மின்னும் மோடு வந்தால் அதுவும் வேண்டாம், பின்னால் வருகிறவர் திட்டுவார்.

வீட்டுக்கு வந்ததும் முழு சார்ஜ் போட்டு, இருட்டறையில் விட்டத்தைப் பார்க்க வைத்து, போனில் லக்ஸ் அளக்கும் ஆப் வைத்து அரை மணிக்கு ஒரு முறை எண்ணைக் குறியுங்கள். உங்கள் விளக்கு எந்த மணியில் சரிகிறது என்பது தெரிந்துவிடும். ஏறும் நேரத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரவில்லை என்றால் மாற்று செல் ஒன்று. அதை இருட்டில் மாற்ற இன்னொரு வெளிச்சம் வேண்டுமே, அதற்கு அந்தச் செல்போனை வைத்துக்கொள்ளுங்கள். பையில் போடுமுன் லாக் செய்யுங்கள்: பட்டனை நீள அழுத்துவதோ, பின்மூடியைக் கால் திருப்பு தளர்த்துவதோ. லாக் செய்யாத விளக்கு துணிக்கு நடுவே தானாக எரிந்து, அடிவாரம் போய்ச் சேருமுன்னே காலியாகியிருக்கும், பக்கத்துத் துணியும் கருகியிருக்கலாம்.