எலியட்ஸ் கரையில் ஒரு வட்டத் துணி

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய மறுநாள் ஞாயிறு. அடையாறில் தங்கை வீட்டிலிருந்து விடிவதற்குள் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்துவிட்டேன். ஷ்மிட் நினைவுச் சின்னத்தைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. 1930-இல், கடலில் சிக்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியது. வெள்ளை வளைவின் கீழே கொஞ்ச நேரம்தான் நின்றிருப்பேன்.

"அக்கா, ஒரு ஓரம் பிடிக்கிறீங்களா? ஆள் பத்தல."

மணலில் ஏழெட்டு இளைஞர்கள் பெரிய வட்டத் துணி ஒன்றை விரித்திருந்தார்கள். பாராசூட் துணியை எட்டு நிறங்களில் முக்கோணமாக வெட்டித் தைத்தது. குறுக்களவு 20 அடி. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே சேரும் காற்று அதன் வழியே போகாவிட்டால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். நடைப்பயிற்சிக்கு வந்த தம்பதி, அருகம்புல் சாறு விற்கும் அம்மா, ஊரூர் குப்பத்துப் பிள்ளைகள் என்று வட்டம் நிறைந்தது. 24 பேர் இருந்தோம்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினால் துணி கூடாரமாக எழும்ப வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். இரண்டிலேயே சிலர் தூக்கினோம், மூன்று முடிந்த பிறகு சிலர். துணி சுருண்டு விழுந்தது. மறுபடியும் அதே கதை.

படகோரம் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். "எண்ணாத தம்பி. வலை இழுக்கிறாப்ல கொரல் குடு" என்றவர் தானே ஓரத்தைப் பிடித்து "ஏலேலோ" என்றார். பிள்ளைகள் "ஐலசா" என்றார்கள். கரைவலையில் இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டம் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும்; ஒரு பக்கம் பிந்தினால் மீன் போய்விடும். அந்தப் பழக்கம் அவர் குரலில் இருந்தது. மூன்றாவது ஐலசாவுக்குத் துணி பொம்மென்று எழும்பி நின்றது. எல்லாரும் உள்ளே ஓடி விளிம்பை முதுகுக்குப் பின்னால் இழுத்து அதன் மேல் உட்கார்ந்தோம். சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம். எதிரே சாறு விற்கும் அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, பந்தை விளிம்போடு சுற்றவிடும் ஆட்டம். பந்து வரும்போது கையைத் தாழ்த்தி, தாண்டியதும் உயர்த்த வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் முந்தினேன். ஏழாவது முயற்சியில்தான் முழுச் சுற்று வந்தது. கடற்கரையில் விளையாட்டென்றால் கிரிக்கெட்தான் என்றாகிவிட்டது. அதில் என்னைப் போன்ற பெண்களுக்கு வேடிக்கை பார்க்கும் இடம்தான். இங்கே அவுட் ஆவதற்கே யாரும் இல்லை.

இப்படிப்பட்ட ஆட்டங்கள் அமெரிக்காவில் பரவிய கதையை ஒரு பெண் சொன்னாள். 1966-இல் வியட்நாம் போருக்கு எதிரானவர்களுக்காக ஸ்டூவர்ட் பிராண்ட் ஒரு ராட்சதப் பந்தை உருட்டிவிட்டாராம். இரண்டு அணி எதிரெதிரே தள்ள வேண்டும். ஜெயிக்கப்போகும் பக்கத்திலிருந்து ஆட்கள் தாங்களாகவே எதிர்ப்பக்கம் போய்த் தள்ளினார்கள். 1973-இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இதற்கென்று பெரிய திருவிழாவே நடந்திருக்கிறது.

எனக்குப் பள்ளியில் ஆடிய பின்னல் கோலாட்டம் நினைவுக்கு வந்தது. பாதிப் பேர் வலமும் பாதிப் பேர் இடமுமாகப் போய் கயிற்றைச் சடையாகப் பின்னுவோம். பிறகு அதே கணக்கில் திரும்பிப் பிரிக்க வேண்டும். ஒருத்தி கால் மாறினாலும் சிக்கு விழும். சிக்கை எடுக்க எல்லாரும்தான் பின்னால் நடக்க வேண்டும். அதைச் சொன்னதும் அந்தப் பெண், அடுத்த வாரம் கம்பும் கயிறும் கொண்டுவருவதாகச் சொன்னாள். அடுத்த வாரம் நான் ஊரில் இருப்பேனே என்று வருத்தமாக இருந்தது.

துணியின் அளவை டிக்கெட்டின் பின்புறம் குறித்துக்கொண்டேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு தையல்காரர் இப்போது அதைத் தைத்துக்கொண்டிருக்கிறார். நடு ஓட்டையை மறக்காமல் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.