சாலையில் உட்கார்ந்த பிறகு

2019 ஜனவரி 22 அன்று, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் தொடங்கியபோது நான் பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. அதுவரை சங்கம் என்றால் எனக்குச் சந்தா கட்டுவதோடு சரி. 2003 ஏப்ரலுக்குப் பின் வேலைக்கு வந்தவள் என்பதால் பழைய ஓய்வூதியம் இல்லை. 2009 ஜூனுக்குப் பின் வந்தவள் என்பதால், அதே வகுப்பெடுக்கும் மூத்தவர்களுக்கு 8,370 ரூபாயாக இருந்த அடிப்படை ஊதியம் எனக்கு 5,200. கிடைத்ததே பெரிது என்று பேசாமல் இருந்தேன்.

ராமநாதபுரத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த அக்கா 2003 வேலைநிறுத்தத்தில் வேலையே போய், பிறகு திரும்பப் பெற்றவர். அப்போது ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் நீக்கினார்கள், வேலைநிறுத்தம் செய்ய உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதையெல்லாம் பார்த்தவர் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தார். சம்பளத்தில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போனது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்றால் யாரை எப்படி உட்கார வைக்கிறீர்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா வெளியூர் வேலைக்குப் போனால் பிள்ளை பள்ளிக்கு வருகிறதா, இப்படி. சாயல்குடிப் பக்கத்து டீச்சர் ஒருவர் சூடை, சீலா, நகரை என்று மீன் பெயர்களை வைத்தே எழுத்துச் சொல்லித்தருவதாகச் சொன்னார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டதில்லை. அங்கே கையில் தாளைக் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு வருவோம்.

பிள்ளைகளை நினைத்தால் வலித்தது, அதை மறைக்கமாட்டேன். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருந்தபோது, கடல்பாசி எடுக்கப் போகும் ஓர் அம்மா சொன்னார்: "இலங்கை நேவி எங்க ஆளுகளப் பிடிச்சுட்டுப் போனா நாங்களும் கடலுக்குப் போற போட்ட நிறுத்திட்டுத்தான டீச்சர் கேக்குறோம்."

ஜனவரி 30-இல் போராட்டம் விலக்கப்பட்டது. பழைய ஓய்வூதியம், சம ஊதியம் என்று கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வந்தது, பயந்தேன், ஆனால் பதிலை நானே எழுதினேன், நாலு பேரிடம் காட்டிவிட்டு.

2022-இல், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும், எங்கள் பள்ளியிலோ சிக்னல் வரவே வராது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்தில் எழுந்து, இந்த நேரம் பிள்ளைகளின் நேரம் என்று சொன்னேன். பின்னாலிருந்து மூன்று பேர் எழுந்தார்கள். பழைய நானாக இருந்தால் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஏற்றியிருப்பேன்.

இப்போது என் கரும்பலகையில் ச வரிசைக்குச் சூடைதான். போன வாரம் ஒரு பையன், "டீச்சர், சாளைய விட்டுட்டீங்க" என்றான். எழுதிச் சேர்த்தேன்.