பாய் சுருட்டி நடந்தவனின் ஊரில்

2019-இல் காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலுக்கு அத்திவரதரைச் சேவிக்க வந்தபோது கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு திரும்பிவிட்டேன். 40 வருடத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் தரிசனம் தருபவரைச் சில நொடி பார்த்ததே பாக்கியம்தான். ஆனால் காஞ்சிபுரத்தைப் பார்க்காமல் போனோமே என்ற குறை மனதை விட்டுப் போகவில்லை. இந்தத் தை மாதம் தனியாகக் கிளம்பினேன். ஆட்டோ கிடையாது, நாள் முழுக்க நடை என்று முடிவு செய்துகொண்டேன்.

காலை ஆறரைக்குப் பிள்ளையார்பாளையம். தெருவின் நீளத்துக்கு, தறியில் ஏற்றும் பட்டுப் பாவு இழைகளை நீட்டிக் கட்டியிருந்தார்கள். அறுந்த இழைகளை ஒருவர் தேடித் தேடி முடிந்துகொண்டிருந்தார். இழை எனக்குக் கண்ணில் படவே இல்லை. அவர் விரல் மட்டும் தயங்காமல் போய் நின்றது. "கைலாசநாதர் கோயிலா? இப்படியே நேரா போங்கம்மா" என்றார், தலை நிமிராமலேயே.

ராஜசிம்மப் பல்லவன் கட்டிய மணற்கல் கோயில். 1,300 வருடம் ஆகிறது. திருச்சுற்று முழுக்க 58 சிறு சந்நிதிகள். கருவறையில் 16 பட்டை லிங்கம். அதைச் சுற்றி வர ஒரு துளை வழியாகத்தான் நுழைய வேண்டும். முழங்கால் ஊன்றி, தலையைச் சாய்த்து, தோளைக் குறுக்கிக்கொண்டு தவழ்ந்தேன். உள்ளங்கையில் கல் சில்லென்று இருந்தது. உள்ளே நிமிர்ந்து நடக்கலாம். வெளியே வர மறுபடியும் தவழ வேண்டும். இப்படி வலம் வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். அந்த இருட்டில் எனக்குப் பூசலார் ஞாபகம்தான் வந்தது. அரசன் இங்கே கல்லால் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு குறித்த அதே நாளில், திருநின்றவூரில் மனதுக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்கு வைத்திருந்தார் அவர். "நாளை அங்கே போகிறேன், நீ வேறு நாள் பார்" என்று சிவனே கனவில் சொல்ல, அரசன் அந்த அடியாரைத் தேடிப் போய் வணங்கினான்.

அங்கிருந்து ஏகாம்பரநாதர், குமரகோட்டம், காமாட்சி. அப்பனுக்கும் அம்மைக்கும் நடுவே பிள்ளை இருக்கும் அமைப்பைப் படத்தில் பார்ப்பது வேறு, காலால் நடந்து உணர்வது வேறு. இந்த ஊர்ச் சிவன் கோயில்களில் அம்பாளுக்குத் தனிச் சந்நிதி கிடையாது, எல்லோருக்கும் ஒரே காமாட்சி. உலகளந்த பெருமாள் கோயிலில் பட்டர் நீளமான கழியில் விளக்கைத் தூக்கிக் காட்டினார். திருமுகத்தைப் பார்க்கக் கழுத்தை அண்ணாந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. அப்புறம் நடை சாத்திவிட்டார்கள். சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு.

சாயங்காலம் சின்னக் காஞ்சி. நான் இந்த ஊரை நடந்தே பார்க்க ஆசைப்பட்டதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. திருவெஃகா கோயிலில் சொன்னவண்ணம் செய்த பெருமாள். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன், அரசனைப் பாட மறுத்ததால் ஊரை விட்டுப் போகும்படி ஆனது. ஆழ்வார் பெருமாளிடம் வந்தார். கணிகண்ணன் போகிறான், நானும் போகிறேன், உனக்கு மட்டும் இங்கே என்ன வேலை, உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொள் என்று பாடினார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அன்றிரவு அவர்கள் தங்கிய இடம்தான் இன்றைய ஓரிக்கை. அரசன் ஓடிப்போய்க் காலில் விழுந்தான். ஆழ்வார் பாட்டை மாற்றிப் பாடினார், பெருமாள் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.

சந்நிதியில் நானும் பட்டரும் மட்டும்தான். "மத்த கோயில்ல சயனிச்சிருக்கிறதுக்கு இது இடவலம் மாறி இருக்கும், நன்னா சேவிச்சுக்கோங்கோ. போயிட்டு வந்த அடையாளம்" என்றார். திருவடிப் பக்கம் தீபம் காட்டியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து நடந்து வலித்த என் காலைப் பற்றி அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்ன சொல்லுக்காகப் படுக்கையை விட்டு எழுந்து நடந்த கால் அது.

வரதராஜர் கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரம். 24 படி ஏறி அத்திகிரியில் பேரருளாளனைச் சேவித்தேன். இவரும் நடந்தவர்தான், விந்தியக் காட்டில் வழி தவறிய இளைய ராமானுஜருக்கு வேடன் வடிவில் துணையாக வந்து, காஞ்சி எல்லையில் விட்டு மறைந்தவர்.

இறங்கி வந்து, மூங்கில் கூடையில் அவிக்கும் குடலை இட்லி வாங்கினேன். மந்தாரை இலை வாசமும் சுக்கு மிளகு காரமும். கோயில் குளமான அனந்தசரஸ் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீராழி மண்டபத்தின் அடியில் அத்திவரதர் சயனித்திருக்கிறார். அடுத்து எழுவது 2059-இல். அப்போது எனக்கு 94 வயது. தண்ணீரைப் பார்த்துக் கை கூப்பி, "நான் வந்திருக்கேன்" என்று சொன்னேன். விளக்கு போடும் வரை அங்கேயே இருந்தேன்.